மூச்சுதான் கடிகாரம்

ஊரிலிருந்து யார் வந்தாலும் சார்மினார் பக்கம் பத்தர்கட்டிக்கு முத்து வாங்கக் கூட்டிப் போவது ஹைதராபாத் தமிழர்களின் எழுதப்படாத கடமை. (பிரியாணி அதற்கப்புறம்தான்.) கடைக்காரர் 'பஸ்ரா முத்து' என்று பெருமையாக எடுத்து வைப்பார். அது பாரசீக வளைகுடா முத்துக்கு வியாபாரிகள் வைத்த பெயர். இன்று கடைகளில் தொங்குவதில் பெரும்பகுதி சீனாவில் நன்னீரில் வளர்த்தது. இங்கே துளை போட்டுக் கோர்க்கிறார்கள். தூத்துக்குடிக்காரனான எனக்கு, எங்க ஊர் முத்து எங்கே என்று கேட்கத் தோன்றும். கேட்டுப் பயனில்லை. எங்கள் கடலில் 1955 முதல் வருடா வருடம் நடந்த முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது.

என் அலுவலகத்து இளைஞர்கள் சிலர் விசாகப்பட்டினம் போய், கரையிலிருந்தே இறங்கும் ஸ்கூபாவுக்குத் திட்டம் போட்டிருந்தார்கள். ஆழம் எவ்வளவு, எத்தனை நிமிடம், காற்று எந்தப் பக்கம், யாருக்கு யார் துணை, எங்கே கரையேறுவது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதியிருந்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் தாளே இல்லாமல் இதே கணக்கைப் போட்டவர்கள் நம்மவர்கள்.

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி கிடக்கும் பாறைத்திட்டுக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக் கரையிலிருந்து 12 முதல் 20 கிலோமீட்டர் தள்ளி, 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. அவ்வளவு தூரம் பாய்மரத்தில் போய்வர வேண்டும். எனவே முதல் கணக்கு காற்று. இரண்டு பருவமழைக்கும் நடுவே கடல் அடங்கியிருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்கள். நள்ளிரவுக்கு மேல் கரைக்காற்றில் கிளம்பினால் விடியும்போது பாரில் இருக்கலாம். காலை முழுக்கக் குளித்துவிட்டு, மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்போது அதையே பிடித்துத் திரும்பலாம்.

அடுத்தது துணை. ஒரு கல்லுக்கு இரண்டு பேர். பதினைந்து, இருபது கிலோ கல்லில் கால் வைத்து ஒருவர் இறங்குவார், மற்றவர் மேலே இளைப்பாறுவார். பிறகு முறை மாறும். கயிறு பிடிக்க வேறு ஆள். மைத்துனன் பிடித்தால்தான் உயிருக்கு உத்தரவாதம், அக்காவையோ தங்கையையோ அவன் விதவையாக்க மாட்டான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இன்றைய ஸ்கூபா வகுப்பில் சொல்லித் தரும் துணைவர் முறை இதைவிட என்ன பெரிதாகச் சொல்கிறது?

சுறாவுக்கும் ஏற்பாடு உண்டு. மந்திரத்தால் கடலைக் கட்டுபவருக்குக் 'கடல்கட்டி' என்று பெயர். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்கு. பகலில் கட்டிய மந்திரத்தை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாக யாரும் இறங்கக் கூடாதென்று! மந்திரம் பலித்ததோ இல்லையோ, காவலுக்கு நல்ல யோசனை.

குளிப்பவருக்கு என்ன கிடைத்தது? கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கப் பயணக் குறிப்பான பெரிப்ளூஸ், கொற்கைக் கடலில் தண்டனை பெற்ற கைதிகளைத்தான் இந்த வேலையில் இறக்கினார்கள் என்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. சர்க்கார் பங்கைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்பது வாங்கியவன் தலையெழுத்து.

இதில் எல்லாவற்றையும் விட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. 20 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு. ஆனால் குளிப்பவர் கொண்டுபோவது ஒரே மூச்சு. ஒரு நிமிடம், மிஞ்சினால் இன்னும் சில விநாடி. அதற்குள் மேலே வந்தே ஆக வேண்டும். அந்தக் கட்டாயமே அவரைக் காப்பாற்றியது. கீழேயே காற்றைச் சுவாசித்துக்கொண்டு இருந்தால்தான் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுவிலும் கரைந்து சேரும். வேகமாக மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோலக் குமிழியாகும். மூட்டுவலி, பக்கவாதம், சில சமயம் சாவு. ஜே.எஸ். ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை வைத்துச் சோதித்து, எவ்வளவு ஆழத்துக்கு எவ்வளவு நேரம், எங்கெங்கே நின்று நின்று ஏற வேண்டும் என்று அட்டவணை போட்டது 1908-இல். அலுவலகப் பிள்ளைகள் தாளில் இருந்த நிமிடக் கணக்கின் மூலம் அதுதான். 18 மீட்டர் என்றால் ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு.

அந்த அட்டவணை போய்ச் சேர வேண்டிய இடம் எங்கள் திரேஸ்புரம். முத்து போனாலும் சங்கு போகவில்லை. வங்காளத்துப் பெண்களின் வளையலுக்கு அது இன்றும் வேண்டும். இப்போது சங்கு குளிக்கப் பலர் கல்லோடு இறங்குவதில்லை. படகில் கம்ப்ரசர் ஓடும், நீண்ட குழாய் வழியாகக் காற்று வரும். மூச்சு முடிந்தது, மேலே வா என்று உடம்பு சொல்வதில்லை. சங்கு கிடைக்கும்வரை கீழே இருக்கலாம், மணிக்கணக்கில். அப்படி இருந்துவிட்டு ஏறியவர்களில் செத்தவர்களும் உண்டு, காலை இழுத்து நடப்பவர்களும் உண்டு. அவர்கள் கற்றுக்கொள்ளாத தொழில் இல்லை இது. புதுக் கருவிக்கான கணக்கை யாரும் அவர்கள் மொழியில் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை என்பதே என் ஆதங்கம். ஆழம், நிமிடம் என்று இரண்டே பத்தி. படகின் உள்பக்கம் பெயிண்டில் எழுதி வைத்தாலே போதும்.