யாருடைய எழுத்து? - 9: பன்னிரண்டாவது நீதிபதி

செத்தவர் ஜெயித்த வழக்கோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். 1769இல் லண்டன் கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றம் ஆண்ட்ரூ மில்லர் பக்கம் தீர்ப்புச் சொன்னபோது, அந்தப் பதிப்பாளர் உயிரோடு இல்லை. ஜேம்ஸ் தாம்சனின் 'தி சீசன்ஸ்' கவிதை நூலுக்கு அவர் வாங்கி வைத்திருந்த உரிமைக்குக் கெடுவே கிடையாது என்று முடிவானது. தலைமை நீதிபதி மேன்ஸ்ஃபீல்ட் பிரபு. கவிஞர் தாம்சனோ 1748லேயே காலமாகிவிட்டார்.

1710இல் நடைமுறைக்கு வந்த ஆன் ராணி காலத்துச் சட்டம் போட்ட கணக்கு வேறு. புது நூலுக்கு 14 ஆண்டு. அது முடியும்போது ஆசிரியர் இருந்தால் இன்னொரு 14. எப்படி இழுத்தாலும், 1730இல் முழுமையாக வெளிவந்த தாம்சன் நூலுக்கு 1758க்கு மேல் காவல் இல்லை.

லண்டன் புத்தக வியாபாரிகள் விடுவார்களா? "உழைத்தவனுக்கே பலன் சொந்தம் என்பது சட்டத்துக்கும் முந்தைய தர்மம். சட்டம் கூடுதலாக ஒரு பூட்டுப் போட்டது, அவ்வளவுதான்" என்பது அவர்கள் கட்சி. எழுத்தாளன் பேரைச் சொல்லி வாதாடினார்கள். காசு விழுந்தது அவர்கள் கல்லாவில். (நான் எந்தப் பக்கம் என்பது இந்நேரம் தெரிந்திருக்கும்.)

இந்த இடத்தில்தான் நுழைகிறார் அலெக்சாண்டர் டொனால்ட்சன், எடின்பரோக்காரர். கெடு முடிந்த நூல்களை அச்சிட்டு, 1763இல் லண்டனின் ஸ்ட்ராண்ட் தெருவிலேயே கடை போட்டார். ஊர் விலையைவிட 30 முதல் 50 சதவீதம் மலிவு என்று விளம்பரம் வேறு!

மில்லர் விட்டுப்போன தாம்சன் உரிமையைத் தாமஸ் பெக்கட்டும் கூட்டாளிகளும் 505 பவுனுக்கு எடுத்திருந்தார்கள். டொனால்ட்சனின் மலிவுப் பதிப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? வழக்குப் போட்டு 1772இல் தடை வாங்கினார்கள். மறு ஆண்டே, வேறொரு நூல் வழக்கில், டொனால்ட்சனுக்காக ஜேம்ஸ் பாஸ்வெல் வாதாட, நிரந்தர உரிமை என்று ஒன்று கிடையாது என்றது ஸ்காட்லாந்து நீதிமன்றம். ஒரே ராஜ்யம், இரண்டு நியாயம். டொனால்ட்சன் பிரபுக்கள் சபைக்கு மேல்முறையீடு செய்தார்.

1774 பிப்ரவரி 4. விசாரணையைக் கேட்க வந்த கூட்டத்தில் நடிகர் கேரிக், கோல்ட்ஸ்மித், எட்மண்ட் பர்க்.

பன்னிரண்டு நீதிபதிகளிடம் சபை கருத்துக் கேட்டது. பதினோரு பேர் சொன்னார்கள். புதுச் சட்டம் பழைய உரிமையை விழுங்கிவிட்டதா என்ற கேள்விக்கு ஆம் என்றவர்கள் 6, இல்லை என்றவர்கள் 5. இப்படித்தான் பதிவாகியிருக்கிறது.

பன்னிரண்டாமவர் மேன்ஸ்ஃபீல்ட். அவர் வாயைத் திறந்தால் 6க்கு 6. ஆனால் அவர் அந்தச் சபையில் உறுப்பினரும்கூட. தன் தீர்ப்புக்குத் தானே வக்காலத்து வாங்குவது ஒரு பிரபுவுக்கு அழகல்ல. வாயே திறக்கவில்லை.

நீதிபதிகள் சொன்னது யோசனை மட்டும்தான். முடிவு பிரபுக்களின் ஓட்டில் இருந்தது. சட்டம் படித்தவருக்கும் ஓர் ஓட்டு, படிக்காதவருக்கும் ஓர் ஓட்டு.

பிப்ரவரி 22. பேச எழுந்தவர் கேம்டன் பிரபு. முன்னாள் லார்டு சான்சலர். மேன்ஸ்ஃபீல்டின் பழைய எதிரி.

(தொடரும்)