பக்கவாத்தியத்துக்குப் பரிசு உண்டா?

'சிவாஜிக்கு ஏன் சார் நேஷனல் அவார்டு கொடுக்கலை?'

தமிழ்நாட்டில் எந்த டீக்கடையிலும் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு நீங்கள் பாட்டுக்குக் கிளம்பிவிடலாம். மீதியை பெஞ்சில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். டெல்லி அரசியல், வடக்கத்தியாரின் ஓரவஞ்சனை என்று பேச்சு கடை சாத்தும் வரை ஓடும்.

அடியேன் பி.காம். ஒரு வரவு காணோம் என்றால், யாரையும் திட்டுவதற்கு முன்னால் அந்தப் பேரேடு எந்தத் தேதியில் திறக்கப்பட்டது என்று பார்ப்பது எங்கள் சாதிப் பழக்கம் (காமர்ஸ் சாதியைச் சொல்கிறேன்!). வாருங்கள், இந்தப் பேரேட்டையும் புரட்டிவிடுவோம்.

மத்திய அரசு சினிமாவுக்கு விருது கொடுக்க ஆரம்பித்தது 1954-ல். முதல் தங்கப் பதக்கம் 'ஷ்யாம்ச்சி ஆயி' என்ற மராத்திப் படத்துக்கு. ஆனால், கவனியுங்கள்... விருது படத்துக்குத்தான். நடித்தவருக்கு என்று தனிப் பரிசு எதுவும் கிடையாது! சிறந்த நடிகர், சிறந்த நடிகை என்ற பிரிவுகள் வந்தது 1967-ம் ஆண்டுப் படங்களுக்குத்தான். முதல் நடிகர் வங்காளத்தின் உத்தம் குமார். முதல் நடிகை நர்கீஸ். இசையமைப்பாளர் விருதும் அதே ஆண்டு பிறந்தது. அதை முதன்முதலில் வாங்கியவர் நம்ம கே.வி.மகாதேவன், 'கந்தன் கருணை'க்காக.

இப்போது கணக்குப் போடுங்கள். 'பராசக்தி' 1952. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959. 'திருவிளையாடல்' 1965. சிவாஜி உச்சத்தில் இருந்த பதினைந்து வருஷமும் பேரேட்டில் அவருக்கான பக்கமே திறக்கப்படவில்லை. 1961-ம் ஆண்டுப் படங்களில் 'கப்பலோட்டிய தமிழன்', 'பாவமன்னிப்பு', 'பாசமலர்' மூன்றுமே அரசின் கௌரவத்தைப் பெற்றன. மூன்றிலும் அவர்தான் கதாநாயகன். ஆனாலும் நடிகருக்கு ஒன்றும் இல்லை. இந்தக் கூத்துக்கு நடுவே 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழா, கட்டபொம்மனுக்காக அவரைச் சிறந்த நடிகர் என்று அறிவித்துவிட்டது. நம்ம ஊர்க்காரரை எகிப்து முந்திக்கொண்டு பாராட்டியது!

அப்படியானால் டெல்லிமேல் தப்பே இல்லையா? அப்படிச் சொல்லமாட்டேன். 1985-ல் 'முதல் மரியாதை'யைச் சிறந்த தமிழ்ப்படம் என்றார்கள். சிறந்த நடிகர் விருதை மட்டும் 'நியூ டெல்லி டைம்ஸ்' படத்துக்காக சசி கபூருக்குக் கொடுத்தார்கள். சசி கபூர் நல்ல நடிகர்தான். ஆனாலும் அந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்வதாயில்லை. அப்போது பேரேடும் இருந்தது, வரவும் இருந்தது, பதியத்தான் மனசில்லை.

சரி, சிவாஜிக்காக வாதாட லட்சம் வக்கீல்கள் இருக்கிறார்கள். செவாலியே, பால்கே விருதுகளும் பின்னாளில் அவரைத் தேடி வந்துவிட்டன. இன்று நான் வக்காலத்து வாங்க வந்திருப்பது இன்னொருவருக்கு. டி.எஸ்.பாலையா!

'டி' என்பது திருநெல்வேலி. பிறந்த ஊர், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துச் சுண்டங்கோட்டை. 1936-ல் 'சதி லீலாவதி'யில் அறிமுகம். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். வில்லனாக ஆரம்பித்து, குணச்சித்திரமாகக் கனிந்து, 1972-ல் காலமானார்.

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை மனதில் ஓட்டிப் பாருங்கள். வசனம் முழுக்க நாகேஷுக்கு. பாலையாவுக்கு இருப்பது ஒரே வேலை... கேட்பது. ஆனால் அந்த முகத்தில் பயம் படிப்படியாக ஏறுவதைப் பார்த்துத்தானே நாம் சிரிக்கிறோம்? கேட்பவர் பயப்படாவிட்டால் கதை சொல்பவர் என்ன செய்தும் எடுபடாது. அடுத்த வருஷம் 'திருவிளையாடல்'. பாண்டியன் சபையில் சவால்விட்ட ஹேமநாத பாகவதர், விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டு அரண்டுபோகிறாரே, அங்கேயும் அதே வேலைதான். பாட்டின் பெருமையை நமக்குச் சொல்வது, தோற்றவரின் முகம். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் சிவாஜியின் நாதஸ்வரத்துக்கு அவர் தவில். நிஜத்திலும் அவர் தமிழ் சினிமாவின் பக்கவாத்தியம்தான்!

அந்தப் படத்துக்குச் சிறந்த தமிழ்ப்படம் என்ற தேசிய விருது கிடைத்தது. வண்ண ஒளிப்பதிவுக்கும் கிடைத்தது. தவில்காரருக்கு? துணை நடிகர் என்ற பிரிவே அப்போது கிடையாது. ஹாலிவுட்டில் ஆஸ்கர்காரர்கள் 1936-ம் ஆண்டுப் படங்களிலிருந்தே அதைக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதாவது, பாலையா கேமரா முன் வந்த அதே வருஷம்! நம் அரசுக்கு அந்த யோசனை வர 1984 ஆயிற்று. பாலையா போய்ப் பன்னிரண்டு வருஷம் கழித்து.

பாருங்கள் விசித்திரத்தை. அந்தப் பேய்க்கதைக் காட்சியில் கதை சொன்ன நாகேஷ், 'நம்மவர்' (1994) படத்துக்காகத் துணை நடிகர் விருதை வாங்கிவிட்டார். கதை கேட்டவர் வாங்காமலே போய்ச் சேர்ந்தார்.

பிரிவு வந்த பிறகாவது எல்லாம் சரியாகிவிட்டதா? 2011-ன் 'அழகர்சாமியின் குதிரை' படத்துக்காக அதே தூத்துக்குடி மாவட்டத்துக்காரரான அப்புக்குட்டிக்கு விருது கொடுத்தார்கள். சந்தோஷம். ஆனால் அழகர்சாமியே அவர்தானய்யா! படத்தின் நாயகனுக்குத் துணை நடிகர் விருது! ஹீரோ என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று நம் மண்டைக்குள் ஒரு அளவுகோல் இருக்கிறது பாருங்கள், அது நடுவர்களுக்கும் உண்டு.

அந்த மாவட்டத்தில் ஆறுமுகநேரி என்று ஒரு ஊர். திருச்செந்தூருக்கு ரயிலில் போனால் கொஞ்சம் முன்னால் வரும். சுற்றிலும் உப்பளம். உச்சிவெயிலில் பாத்தியில் நின்று உப்பு வாருகிறவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. சாம்பார் ருசியாக இருந்தால் சமைத்தவரைப் பாராட்டுவோம். உப்பு இல்லாத அன்றைக்குத்தான் உப்பின் ஞாபகம் வரும். துணை நடிகர்களுக்கு நாம் கொடுத்திருக்கும் இடமும் ஏறக்குறைய அதுதான்.

அதனால் அரசுக்கு என் யோசனை இது. 1953 முதல் 1983 வரையிலான படங்களுக்கு, முன்தேதியிட்டு ஒரே ஒரு முறை துணை நடிகர் பட்டியல் வெளியிடுங்கள். காலமானவருக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்காதீர்கள். பிரித்விராஜ் கபூருக்கு பால்கே விருது அவர் மறைந்த பிறகுதானே வந்தது? பணமுடிப்பு வேண்டாம். பேரேட்டில் பெயர் ஏறினால் போதும்.

என் பட்டியல் ரெடி. 'மனோகரா' கண்ணாம்பா, 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் பாரதியாக வந்த எஸ்.வி.சுப்பையா, எதில் நடித்தாலும் எஸ்.வி.ரங்காராவ். எல்லோருக்கும் முன்னால், தவிலோடு பாலையா.

உங்கள் பட்டியலில் யார்?