தவம்: சுடுவதும் பொறுப்பதும்

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் ஒற்றைக்காலில் நிற்பவர் யார் என்ற வழக்கு நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது. பாசுபதம் வேண்டி நின்ற அர்ச்சுனன் என்பது ஊர்ப்பேச்சு. வழிகாட்டிகளும் உளி பிடிக்கும் சிற்பிகளும் இன்றும் 'அர்ச்சுனன் தபசு' என்றுதான் சொல்கிறார்கள். இல்லை, கங்கையைப் பூமிக்கு இறக்க நின்ற பகீரதன் என்று 1914-இல் பிரெஞ்சில் எழுதினார் விக்தர் கொலுபெவ். பாறையின் நடுப்பிளவில் நாகர்கள் மேல்நோக்கி வருவதும், பிளவுக்கு மேலே நீர் தேக்க இடம் இருந்ததும் அந்தக் கட்சிக்குப் பலம். இரண்டு கதையையும் மனத்தில் வைத்தே பல்லவச் சிற்பிகள் செதுக்கினார்கள் என்று சொல்வோரும் இருக்கிறார்கள். நிற்பவருடைய பெயரில்தான் சண்டை. அவர் செய்வது தபசு என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

அந்த உருவத்தின் அருகே போய்ப் பாருங்கள். தாடி வளர்ந்த முகம். கைகள் தலைக்கு மேலே உயர்ந்திருக்கின்றன. வயிறு ஒட்டிப்போய் விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. கருங்கல்லில் பட்டினியைக் காட்டுவது எளிய காரியமில்லை. ஏழாம் நூற்றாண்டில், நரசிம்மவர்மன் காலத்தது என்று கருதப்படும் இந்தப் பாறையில் யானைகளுக்கு அத்தனை தசையைக் கொடுத்த அதே கைகள், இந்த ஒருவரிடமிருந்து தசையை எடுத்துவிட்டிருக்கின்றன. பக்கத்தில் பூதகணங்கள் சூழச் சிவன் நிற்கிறான். கணங்களில் ஒன்றுக்கு வயிற்றிலேயே முகம். சிவனின் ஒரு கை கீழே தாழ்ந்து, கேட்டதைக் கொடுக்கும் பாவனையில் இருக்கிறது.

'தபசு' என்ற இந்தச் சொல்லுக்குத் தமிழில் மூன்று வடிவம் உண்டு: தவம், தவசு, தபசு. மூன்றுக்கும் மூலம் வடமொழியின் 'தபஸ்'. அதன் வேர் 'தப்', சுடுதல். வடசொல்லில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் பகரம் பிராகிருதத்தில் வகரமாகும். பாபம் பாவமானதும், த்வீபம் தீவானதும் இந்த வழியில்தான். 'தவம்' என்ற வடிவம் அப்படிப் பிராகிருதம் பேசியவர்களோடு முன்னதாகவே தமிழுக்கு வந்தது. 'தபசு' பின்னால் வடமொழியிலிருந்து நேரே வந்தது. 'தவ்வு' என்னும் சுருங்குதல் பொருள்கொண்ட தமிழ் வேரிலிருந்து தவம் வந்தது என்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். உடலைச் சுருக்குவது தவம் என்று பொருள் பொருந்தினாலும், பாவத்துக்கும் தீவுக்கும் நடந்த ஒலிமாற்றம் இதற்கும் நடந்திருக்கும்போது வேறு வேர் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

சுடும் அந்த வேர் தமிழில் தனியாக வரவில்லை, ஒரு குடும்பமாகவே குடியேறியது. தாபம் என்றால் வெம்மை, வேட்கை. பிரிவில் வேகும் மனத்துக்கு விரகதாபம். இருவருக்குள் சூடு விழுந்தால் மனஸ்தாபம். செய்தபின் சுடுவது பச்சாத்தாபம். அனுதாபம் வடமொழியில் தன் செயலை எண்ணித் தான் வருந்துவது; தமிழில் அது அடுத்தவர் துயருக்கு இரங்குவதாகிவிட்டது. பரிதாபமும் அப்படியே. சுற்றிலும் எரிவதைக் குறித்த சொல், நம் ஊரில் 'ஐயோ பாவம்' என்பதற்கு இணையாகிவிட்டது. தன் சூட்டைக் குறித்த சொற்களைப் பிறர் வலியின் பக்கம் திருப்பியதுதான் தமிழ் செய்த வேலை. தவத்துக்கும் தமிழ் அதையே செய்தது.

அதற்கு முன், வேதத்திலும் உபநிடதத்திலும் இந்தச் சொல் எங்கே நின்றது என்று பார்க்க வேண்டும். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உள்ள படைப்புப் பாடல், தொடக்கத்தில் இருந்த ஒன்று வெப்பத்தின் வலிமையால் தோன்றியதாகச் சொல்கிறது. அங்கே தபஸ் உலகை ஈனும் சூடு. தைத்திரீய உபநிடதத்தின் பிருகு வல்லியில் அதே சொல் அறிவுத் தேடலின் பெயராகிவிடுகிறது. பிருகு தன் தந்தை வருணனிடம் போய்ப் பிரம்மத்தைச் சொல்லித் தரும்படி கேட்கிறான். உயிர்கள் எதிலிருந்து பிறந்து, எதனால் வாழ்ந்து, எதில் போய் அடங்குகின்றனவோ அதை அறிந்துகொள் என்று அடையாளம் மட்டும் காட்டுகிறார் தந்தை. பிருகு தவம் செய்கிறான். அன்னமே அது என்று தெரிகிறது. திரும்பி வருகிறான். மறுபடி தவம் செய் என்கிறார். உயிர்மூச்சே அது என்று கண்டு வருகிறான். மறுபடி போகச் சொல்கிறார். பிறகு மனம், பிறகு அறிவு, கடைசியில் ஆனந்தம். அதற்குமேல் அவன் தந்தையிடம் திரும்பி வந்ததாகச் செய்தி இல்லை.

இந்தக் கதையில் தந்தை 'தப்பு' என்று ஒருமுறைகூடச் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். அன்னம் என்ற விடையும் பொய்யில்லை. அதில் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். ஆன்மாவை அறிவதென்பது உடம்பை இகழ்ந்து தாண்டிப் போவதாக இங்கே இல்லை; உடம்பிலிருந்து தொடங்கி உள்ளே போகிறது. சங்கரர் இந்த இடத்துக்கு உரை எழுதும்போது, மனத்தையும் புலன்களையும் ஒருமுகப்படுத்துவதே மேலான தவம் என்ற ஸ்மிருதி வாக்கைத் துணைக்கு அழைக்கிறார். விலா எலும்பு தெரிய நிற்பது அந்த விளக்கத்தில் கட்டாயமில்லை. கீதையின் பதினேழாம் அத்தியாயம் இன்னும் வெளிப்படை. உடம்பின் தவம், வாக்கின் தவம், மனத்தின் தவம் என்று பிரித்து, கொல்லாமையை உடம்பின் தவத்திலும் பிறரைப் புண்படுத்தாத பேச்சை வாக்கின் தவத்திலும் சேர்க்கிறது. உடம்பை வாட்டுகிறவர்கள் உள்ளே இருக்கும் தன்னையும் வாட்டுகிறார்கள் என்று கண்ணன் அங்கே கண்டிக்கிறான்.

தமிழில் இந்தச் சொல் வந்து இறங்கியபோது இங்கே ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. நோன்பு. 'நோல்' என்பது பொறுத்தல், தாங்குதல். தொல்காப்பியம் தவம் செய்வோரைத் 'தாபதர்' என்று வாகைத் திணையில் வைக்கிறது. கணவனை இழந்தவள் மேற்கொள்ளும் நோன்பு வாழ்வுக்கும் காஞ்சித் திணையில் 'தாபத நிலை' என்றே பெயர். காட்டுக்குப் போன முனிவருக்கும், வீட்டில் தரையில் படுத்து உப்பில்லாமல் உண்ட பெண்ணுக்கும் ஒரே சொல். பின்னதில் அவள் விருப்பம் எவ்வளவு, ஊரின் கட்டாயம் எவ்வளவு என்ற கேள்வி என்னை உறுத்தாமல் இல்லை. ஆனாலும், வலியைத் தாங்குவதே தவம் என்ற தமிழ்ப் பொருள் அந்தப் பெயரீட்டிலேயே இருக்கிறது.

வள்ளுவர் 27-ஆம் அதிகாரத்துக்குத் 'தவம்' என்று தலைப்பிட்டார். ஆனால் முதல் குறளில் தவத்தை விளக்க அவர் எடுத்த சொல் நோன்றல். தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பது, பிற உயிர்க்குத் துன்பம் செய்யாதிருப்பது, இவ்வளவே தவத்தின் வடிவம் என்கிறார். தானாகத் தீ மூட்டி அதன் நடுவே நிற்கச் சொல்லவில்லை. வந்த நோயைப் பொறு என்கிறார். அதற்காகச் சூட்டை அவர் மறந்துவிடவுமில்லை. அதே அதிகாரத்தில், சுடச் சுட ஒளிவிடும் பொன்னைத் துன்பம் சுடும் நோற்பவர்க்கு உவமையாக வைக்கிறார். வடசொல்லின் வேர்ப்பொருளும் தமிழ்ச்சொல்லின் வேர்ப்பொருளும் பத்தே குறளுக்குள் ஒன்றாய் உட்கார்ந்திருக்கின்றன.

அடுத்த குறள்தான் இந்த அதிகாரத்தின் உச்சம். தன் உயிர் 'தான்' அறப் பெற்றவனை மற்ற உயிரெல்லாம் தொழும் என்கிறார். பரிமேலழகர் இதைத் தன் உயிரைத் தனக்கே உரியதாகப் பெற்றவன் என்று பிரிக்கிறார். மு. வரதராசனாரோ தான் என்னும் பற்று நீங்கப் பெற்றவன் என்று கொள்கிறார். ஒருவர் உரையில் உயிர் முழுக்கத் தன்வசமாகிறது. மற்றவர் உரையில் 'தான்' என்பதே போய்விடுகிறது. ஆன்மாவை அறிதல் பற்றி வேதாந்திகள் பக்கம் பக்கமாக வாதாடிய இரண்டு நிலையும் 'அற' என்ற ஒரு சொல்லைப் பிரிப்பதில் இருக்கின்றன. 'அற' என்பதற்கு முழுதும் என்றும் பொருள், இல்லாமல் போக என்றும் பொருள். எனக்கு இரண்டையும் சேர்த்தே படிக்கத் தோன்றுகிறது. 'நான்' என்ற பிடி தளராதவரை உயிர் நம் வசம் இருப்பதாகச் சொல்ல முடியாது.

இதைப் படித்துவிட்டுப் பாறைக்குத் திரும்பினால் வேறு சில உருவங்கள் கண்ணில் படும். பிளவின் ஓரத்தில் கீழே ஒரு சிறு கோயில், உள்ளே திருமால். அதன் முன் முதியவர் ஒருவர் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். கை தூக்கவில்லை, ஒற்றைக்காலில் நிற்கவில்லை, யாரும் அவர்முன் வரம் தர வந்து நிற்கவில்லை. மேலே நிற்பவர் ஒன்றைக் கேட்டு நிற்கிறார். இவரிடம் கேட்பதற்கு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அர்ச்சுனனோ பகீரதனோ, இருவர் தவமும் ஒரு பொருளைக் குறித்தது, ஒருவருக்கு ஆயுதம், ஒருவருக்கு ஆறு. பிருகுவின் தவத்தின் பக்கம் நிற்பவர் கீழே இருப்பவர்தான். இன்னும் கீழே யானைகளின் பக்கம் ஒரு பூனை, பின்னங்காலில் எழுந்து கை தூக்கி நிற்கிறது. சுற்றிலும் எலிகள். கங்கைக் கரையில் தவவேடம் போட்டு எலிகளைத் தின்ற பூனையின் கதை பாரதத்தின் உத்தியோக பர்வத்தில் வருகிறது. தவத்துக்கு அடுத்த அதிகாரமாக வள்ளுவர் கூடாவொழுக்கத்தை வைத்ததும் இத்தகைய பூனைகளை நினைத்துத்தான் போலும்.

பாறைக்குப் பக்கத்திலேயே தலசயனப் பெருமாள் கோயில். அதன் தலபுராணத்தில் இன்னொரு தவம் இருக்கிறது. புண்டரீக முனிவர் தாமரைப் பூக்களோடு பாற்கடலுக்குப் போகக் கிளம்பி, குறுக்கே கிடந்த கடலைக் கையால் இறைக்கத் தொடங்கினாராம். திருமால் முதியவராக வந்து பசிக்கிறது என்று கேட்டார். முனிவர் உணவு கொண்டுவரப் போன நேரத்தில், அந்த இறைக்கும் வேலையைத் தாமே எடுத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது பூக்களைச் சூடித் தரையிலேயே படுத்திருந்தார். பசித்தவருக்குச் சோறு தேடித் தவத்தைப் பாதியில் விட்டுப் போனதால்தான் அந்தத் தவம் பலித்தது என்று இந்தக் கதையை நான் படிக்கிறேன். இதே ஊரைக் கடல்மல்லை என்று பாடிய திருமங்கையாழ்வார், ஊன் வாட உண்ணாமல் கிடந்து தவம் செய்ய வேண்டாம், தில்லைத் திருச்சித்திரகூடத்துக்கு வாருங்கள் என்றும் பாடியிருக்கிறார். கடல்மல்லையில் பிறந்த பூதத்தாழ்வாரோ சூட்டை விளக்காக்கிக்கொண்டார். அவர் அந்தாதி அன்பால் ஏற்றிய ஞான விளக்கோடு தொடங்குகிறது. தவத்தின் வெப்பம் ஆழ்வார்களிடம் உருக்கமாகிவிட்டது.

'தபசு' என்ற சொல் உயிரோடு இருக்கும் இடம் இந்தப் பகுதியில் இன்னொன்று உண்டு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கும்போது ஒருநாள் அர்ச்சுனன் தபசு. வில்லிபுத்தூரார் பாரதத்தின் அருச்சுனன் தவநிலைச் சருக்கம் அங்கே திடலுக்கு வந்துவிடும். பனையை வெட்டி நட்டு, ஏறுவதற்குப் படிபோல் கட்டை அடித்து, உச்சியில் பரண் கட்டியிருப்பார்கள். அதுதான் தபசு மரம். வேடம் கட்டிய கூத்தர் ஒவ்வொரு படியிலும் நின்று பாடி ஏறுவார். கீழே நிற்கும் ஊர் அண்ணாந்து பார்க்கும். உச்சியில் பூசை முடிந்ததும் எலுமிச்சம்பழமும் பூவும் வாழைப்பழமும் கீழே வந்து விழும். பிள்ளையில்லாத பெண்கள் ஈரப் புடவையோடு மரத்தடியில் மடியேந்தி நிற்பார்கள்.

ஆன்மாவை அறியச் செய்ய வேண்டிய தவத்தைப் பிள்ளை வரம் கேட்பதாகத் தாழ்த்திவிட்டார்கள் என்று படித்தவர்கள் சிலர் வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த வருத்தம் இல்லை. மரத்தின் மேல் நடப்பது தபசு; மரத்தடியில் நடப்பது நோன்பு. விரதமிருந்து, ஊரார் பேச்சைப் பொறுத்து, வெயிலில் காத்திருக்கும் அந்தப் பெண்கள் வள்ளுவர் சொன்ன நோன்றலுக்கு மிக அருகில் இருக்கிறார்கள். 'தவமிருந்து பெற்ற பிள்ளை', 'உனக்காகத் தவம் கிடக்கிறேன்' என்று நாம் அன்றாடம் பேசுவதும், பிள்ளைகளுக்குத் தவமணி என்று பெயரிடுவதும் அவர்கள் காத்த பொருளிலிருந்து வந்தவை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த மாங்காட்டில் காமாட்சி தீ நடுவே ஒற்றைக்காலில் நின்றதைச் சொல்லும்போதும், சங்கரன்கோவிலில் கோமதியம்மனின் ஆடித்தபசைக் கொண்டாடும்போதும் தவம் செய்கிறவள் பெண்தான்.

பிருகு வல்லியும் ஆனந்தத்தோடு முடிந்துவிடவில்லை. அதன் பிறகு சில விரதங்களைச் சொல்கிறது: அன்னத்தை இகழாதே, அன்னத்தைப் பெருக்கு, தங்க இடம் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பாதே. தன்னை அறிந்துகொண்டவன் போய்ச் சேரும் இடம் மறுபடி அடுப்படியும் திண்ணையுமாக இருக்கிறது. துறந்தவர்க்கு உணவு முதலானவை கொடுத்து உதவ வேண்டித்தான் மற்றவர்கள் தவத்தை மறந்தார்களோ என்று வள்ளுவர் தவ அதிகாரத்தின் மூன்றாம் குறளில் கேட்கிறார்.