நிஜாம் நகரில் மின்விளக்கும் வீட்டு மின் தொழிலாளியும்

சொந்த ஊரில் வாழ்வோருக்கு வீட்டில் விளக்கு அணைந்தால் கவலை பெரிதன்று. அடுத்த தெருவில் ஒருவர் இருப்பார். அவருடைய தந்தையும் இதே தொழில் செய்தவராயிருப்பார். ஆள் அனுப்பினால் வந்து சேருவார். பிழைப்பை நாடி வேற்று மாநிலம் சென்றோருக்கு அந்த வசதி இல்லை. மொழி வேறு, தெரு வேறு, முகங்கள் வேறு. சுவரில் தீப்பொறி பறக்கும் வேளையில், முன்பின் அறியாத ஒருவரை நம்பி வீட்டுக்குள் விடவேண்டியிருக்கிறது. அவர் செய்துவிட்டுப் போகும் வேலையோ சுவருக்குள் மறைந்து, பல்லாண்டுகள் நம் மக்களோடு கூட வாழப்போகிறது. யாரை நம்புவது என்னும் இக்கேள்விக்கு விடை காண, ஹைதராபாத் நகருக்கு மின்சாரம் வந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது பயன் தரும்.

இந்தியாவில் மின்சாரம் முதலில் ஏழை எளியோரின் வீட்டுக்கு வரவில்லை. சென்னையில் 1895-இல் மின்சார டிராம் ஓடியது. டார்ஜிலிங்கை அடுத்த சித்ரபோங்கில் 1897-இல் நீர்மின் நிலையம் தோன்றியது. மைசூர் சமஸ்தானம் 1902-இல் சிவசமுத்திரத்தில் மின்விசை எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பிற்று. 1905-இல் பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு ஒளிர்ந்தது. சுரங்கம், டிராம், அரண்மனை, வீதி ஆகியவற்றுக்குப் பின்னரே வீட்டின் முறை வந்தது.

ஹைதராபாத் அக்காலத்தில் தனக்கென நாணயமும் தபாலும் ரயிலும் உடைய பெரிய சமஸ்தானம். அங்கே மின்சாரத்துக்கெனத் தனி அரசுத் துறை 1910-ஆம் ஆண்டளவில் சிறிய அளவில் தொடங்கிற்று. இன்றும் தெலங்கானாவின் தெற்கு மின் பகிர்மானக் கழகத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் இடத்துக்கு ‘மின்ட் காம்பவுண்டு’ என்றே பெயர். சைஃபாபாத்திலிருந்த நிஜாமின் நாணயச்சாலை விட்டுச் சென்ற பெயர் அது.

1908-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மூசி ஆறு பெருக்கெடுத்து நகரைச் சூறையாடிற்று. அந்தப் பேரழிவுக்குப் பிறகு நகரைப் புதிதாக அமைக்கும் பணி நடந்தது. 1911-இல் பட்டத்துக்கு வந்த ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் காலத்தில் நகர மேம்பாட்டு வாரியம் ஏற்பட்டது. வெள்ளத்தைத் தடுக்கவும் குடிநீர் தரவும் உஸ்மான் சாகரும், பின்னர் ஹிமாயத் சாகரும் கட்டப்பட்டன. அந்தப் புத்தமைப்பின் ஒரு பகுதியாகவே ஹுசேன் சாகர் ஏரிக்கரையில் 1920-இல் அனல் மின் நிலையம் எழுந்தது. ஏரி பதினாறாம் நூற்றாண்டில் குதுப்ஷாஹி மன்னர் காலத்தில் வெட்டப்பட்டது. நீராவி இயந்திரத்துக்கு வேண்டிய நீர் அங்கே இருந்தது. எரிக்க வேண்டிய நிலக்கரி சமஸ்தானத்துக்குள்ளேயே சிங்கரேணியில் கிடைத்தது. குடிக்கவும் பாய்ச்சவும் முன்னோர் வெட்டிய ஏரி, பின்னோருக்கு விளக்கெரிக்கவும் உதவிற்று.

பல்லாண்டுகள் உழைத்த அந்நிலையம் காலப்போக்கில் பழுதடைந்து ஓய்ந்து, 1990-களில் இடிக்கப்பட்டது. இன்று அவ்விடத்துக்கு மாலைவேளையில் உலாவச் செல்வோர் என்.டி.ஆர். தோட்டத்தைக் காண்கிறார்கள், தாம் நிற்கும் மண்ணிலிருந்துதான் நகரின் வீடுகளுக்கு ஒளி சென்றது என்பதை அறிந்தோர் சிலரே. மின்சார நிர்வாகமும் பல கை மாறிற்று. 1948-இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1956-இல் ஆந்திரப் பிரதேசம் உருவாயிற்று. 1959-இல் அதன் மின்சார வாரியம் தோன்றியது. கொத்தகூடமும் இராமகுண்டமும் பெரிய அனல் நிலையங்களாக வளர்ந்தன. 1999-இல் வாரியம் பிரிக்கப்பட்டது. 2014-இல் தெலங்கானா தனி மாநிலமாயிற்று.

இவையெல்லாம் ஏடுகளில் எழுதப்பட்ட வரலாறு. கம்பத்திலிருந்து வீட்டுக்குள் நுழைந்த கம்பியை யார் இழுத்தார்கள் என்பதை ஏடுகள் அவ்வளவாகச் சொல்வதில்லை. தொடக்கக் காலத்தில் இத்தொழிலுக்கெனப் பள்ளி இல்லை. தச்சுவேலையும் கொல்லுவேலையும் போல, மூத்தவரோடு கூடவே இருந்து பார்த்துக் கற்றதே கல்வி. ஹைதராபாத்தின் உருது மொழியில் ஆசானை உஸ்தாத் என்பர். மாணாக்கனைச் சாகிர்த் என்பர். மரச்சட்டத்தின் மேல் ரப்பர் உறையிட்ட கம்பியை வைத்துச் சிறு தகட்டுப் பிடிகளால் இறுக்கி, சுவர் நெடுகக் கண்ணுக்குத் தெரியும்படி ஓட்டினார்கள். பீங்கான் பியூஸும் கறுப்பு பேக்கலைட் சுவிட்சும் அந்நாளைய அணிகலன்கள். பழைய வீடுகள் சிலவற்றில் இன்றும் அவற்றைக் காணலாம். கம்பி வெளியே தெரிந்ததில் ஒரு நன்மை உண்டு: பழுது எங்கே என்பதும் தெரிந்தது, வேலை செய்தவரின் நேர்மையும் தெரிந்தது. இன்று கம்பி குழாய்க்குள், குழாய் சுவருக்குள், சுவர் வண்ணப்பூச்சுக்குள். ஆகவே வேலையாளின் நேர்மையைக் கண்ணால் அளக்கும் வழி அடைபட்டுவிட்டது.

இங்கேதான் சட்டம் உதவிக்கு வருகிறது. 1910-ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்காக எழுந்தது. சமஸ்தானங்களுக்கு அது நேரே செல்லவில்லை. விடுதலைக்குப் பின் நாடு முழுமைக்கும் பொதுவாக 1956-இல் இந்திய மின்சார விதிகள் வெளியாயின. அவற்றுள் 45-ஆம் விதி ஒவ்வொரு குடும்பத் தலைவரும் அறியத்தக்கது. மின் அமைப்பில் புதிதாகச் சேர்த்தல், மாற்றுதல், பழுது பார்த்தல் ஆகிய பணிகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே ஏற்கவேண்டும்; தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் நேரில் கண்காணிக்க வேண்டும்; அனுமதிச் சீட்டு பெற்ற ஒயர்மேன் கையால் வேலை நடைபெற வேண்டும். இவ்வாறு பொறுப்பை மூவர் பகிர்ந்து சுமக்கிறார்கள். இம்மூன்று சான்றுகளும் மாநில அரசு வழங்கியவையாகவோ ஏற்றுக்கொண்டவையாகவோ இருத்தல் வேண்டும். 2003-ஆம் ஆண்டின் புதிய மின்சாரச் சட்டத்துக்குப் பின் 2010-இலும் 2023-இலும் மத்திய மின்சார ஆணையம் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. பழைய விதியின் கருத்து அவற்றிலும் தொடர்ந்தது.

சட்டம் கடுமையானதன்று, ஒரு விலக்கும் தந்திருக்கிறது. விளக்கு, விசிறி, பியூஸ், சுவிட்சு முதலியவற்றை அதே திறனும் தன்மையும் மாறாமல் மாற்றி வைப்பதற்கு இத்தனை ஏற்பாடு வேண்டியதில்லை. எரிந்துபோன பல்பை மாற்றுவது வேறு. நீர் கொதிகலனுக்குப் புதுக் கம்பி இழுப்பது வேறு. முதலாவதற்கு அக்கம்பக்கத்தில் கைத்திறனுள்ள எவரும் போதும். இரண்டாவதற்குச் சான்று பெற்றவர் வேண்டும். இந்த வரம்பை மறந்ததால் விளையும் விபத்துகள் பல.

ஹைதராபாத்துக்கும் தமிழருக்கும் உள்ள உறவு பழையது. 1806-இல் பெயர் பெற்ற செகந்தராபாத், பிரிட்டிஷாரின் பாசறையாக வளர்ந்தபோது சென்னைப் படையினரோடு தமிழ்க் குடும்பங்களும் அங்கே வந்தன. உள்ளூர் மக்கள் அப்பகுதியை ‘லஷ்கர்’ என்று அழைப்பதும் அப்பாசறையின் நினைவே. பத்மராவ் நகர், திவான் பகதூர் பத்மராவ் முதலியாரின் பெயரைத் தாங்குகிறது. அங்குள்ள ஸ்கந்தகிரி முருகன் கோயிலில் தமிழோசை கேட்கும். 1960-களில் இராமச்சந்திரபுரத்துப் பாரத மிகுமின் நிறுவனத் தொழிற்சாலையும், 1967-இல் மின்னணுக் கழகமும் தோன்றிப் பல மாநிலத்தாருக்கு வேலை தந்தன. 1998-இல் ஹைடெக் சிட்டி திறக்கப்பட்டபின் இளைஞர் கூட்டம் மாதாப்பூர், கச்சிபௌலி பக்கம் குடியேறிற்று. படைவீரரும் பொறியாளரும் கணினியாளரும் பெரும்பாலும் வாடகை வீட்டில் வாழ்க்கையைத் தொடங்கியவர்களே. வாடகை வீட்டின் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது குடியிருப்பவருக்குத் தெரியாது. தெரிந்த வீட்டுக்காரரோ அங்கே குடியிருப்பதில்லை.

முற்காலத்து வீட்டில் சில விளக்குகள், ஒரு விசிறி, டெக்கான் ரேடியோவின் ஒலிபரப்பைக் கேட்க ஒரு வானொலிப் பெட்டி. 1930-களில் தொடங்கிய அந்நிலையம் 1950-இல் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. இவ்வளவுக்கு 5 ஆம்பியர் சுற்று ஒன்றே போதும். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 1,150 வாட். இன்றோ நீர் கொதிகலன் ஒன்றே 2,000 வாட் கேட்கிறது; அதற்கு 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக ஓடும். ஒன்றரை டன் குளிர்சாதனப் பெட்டிக்கு 7 அல்லது 8 ஆம்பியர். கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. விளக்குக்கு இட்ட மெல்லிய கம்பியில் கொதிகலனை இணைத்தால் உறை உருகுகிறது. உருகிய இடத்தில் தீ பிறக்கிறது. பியூஸ் அடிக்கடி போகிறது என்று அதில் தடித்த கம்பியைச் சுற்றுவோர் உண்டு. காவல்காரன் அடிக்கடி குரைக்கும் நாயைக் கட்டிவைத்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டதற்கு அது ஒப்பாகும். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், சாதாரண மின் பொருத்துவாய்க்கு 2.5, கொதிகலனுக்கும் குளிர்சாதனத்துக்கும் 4 என்று தாமிரக் கம்பியின் அளவை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் சுற்று அமைப்பதே நல்ல வழக்கம்.

தக்காணத்துக்கே உரிய ஓர் இடர்ப்பாடும் உண்டு. ஹைதராபாத் கருங்கற்பாறையின் மேல் அமர்ந்த நகரம். நில இணைப்பு, அதாவது எர்த்து, நன்கு அமைய ஈரமான மண் வேண்டும். காவிரிக் கரையில் சில அடி தோண்டினால் ஈரம் கிடைக்கும்; இங்கே பாறை தட்டுகிறது. கோடையில் உள்ள ஈரமும் வற்றுகிறது. ஆகவே குழி தோண்டி, கரியும் உப்பும் இட்டு, அவ்வப்போது நீர் ஊற்றிக் காக்கும் பழக்கம் ஏற்பட்டது. எர்த்துக் குழி வறண்டிருந்தால், மூன்று துளைப் பொருத்துவாயில் மூன்றாவது துளை வெறும் அலங்காரமே. இதற்குத் துணையாக, 30 மில்லி ஆம்பியர் அளவு மின்கசிவு கண்டவுடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி இன்று கிடைக்கிறது. குளியலறையில் கொதிகலன் உள்ள வீட்டில் அது இன்றியமையாதது.

இனி, ஆளைத் தேடும் முறை. முதலில் எல்லையை அறிக. கம்பத்திலிருந்து மீட்டர் வரை பகிர்மானக் கழகத்தின் பொறுப்பு; அங்கே பழுதென்றால் 1912 என்னும் எண்ணில் முறையிடலாம். மீட்டரின் முத்திரையைத் தொடத் தனியார் எவருக்கும் உரிமையில்லை. மீட்டருக்கு இப்பால் உள்ளது வீட்டுக்காரர் பொறுப்பு. சுமை மிகும் கருவி வாங்குமுன், ஒப்பந்த மின்சுமையை உயர்த்தவும் விண்ணப்பிக்க வேண்டும். ஆளை அழைக்கும்போது உருதுவில் ‘பிஜ்லி’ என்றாலும் தெலுங்கில் ‘கரண்டு’ என்றாலும் காரியம் நடக்கும். வந்தவரிடம் அனுமதிச் சீட்டைக் காட்டும்படி கேட்பது அவமதிப்பன்று. தக்கவர் அதைப் பெருமையோடு காட்டுவார். 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் தொழிற்பயிற்சி நிலையத்தில் கற்றவராயின் மேலும் நன்று. வேலை முடிந்தபின் 500 வோல்ட் மெகர் கருவியால் காப்புத் தடையைச் சோதித்து, அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

நம்மவர் ஒருவரே செய்யட்டும் என்று தமிழ் பேசும் தொழிலாளியைத் தேடுவது இயல்பு. அதில் குற்றமில்லை. ஆனால் ஊர்ப்பாசம் சான்றுக்கு ஈடாகாது. தமிழ்நாட்டில் பெற்ற சீட்டு தெலங்கானாவில் ஏற்கப்பட்டதா என்பதையும் கேட்டறிய வேண்டும். அவ்வாறே பிற மாநிலம் செல்லும் தமிழ்த் தொழிலாளியும் அங்கே உரிய அனுமதியை முதலில் பெற்றுக்கொள்வது அவருக்கே காப்பாகும். நாமும் நம் கடமையைச் செய்ய வேண்டும். அவர் ஏணியில் நிற்கும்போது முதன்மைச் சுவிட்சை யாரும் தொடாதபடி காப்பதும், உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் வேலைக்குப் பேரம் பேசாது கூலி தருவதும் அக்கடமையில் அடங்கும்.

சொந்த ஊரில் ஒருவருக்கு நற்சான்று தருவது அவருடைய குடும்பமும் அண்டைவீட்டாரும். அவர்கள் இல்லாத ஊரில் அந்த வேலையை ஒரு துண்டுக் காகிதம் செய்கிறது. ஒருவரையொருவர் அறியாத மக்கள் ஒரு நகரில் கூடி வாழத் தொடங்கிய காலத்தில், அவர்களுக்கிடையே நம்பிக்கைக்கு ஆதாரமாக அரசு எழுதித் தந்த அறிமுகக் கடிதமே அந்த அனுமதிச் சீட்டு. அயலூரில் வாழும் நாம் அதைக் கேட்டு வாங்கிப் படிக்கப் பழகுவோமாக.