12 இறாத்தல் சீஸும் ஏழு வருடமும்

எலிசபெத் பெக்போர்டுக்கு 70 வயது. லண்டனில் 12 இறாத்தல் சீஸ் திருடினார் என்பது வழக்கு. ஓல்ட் பெய்லி நீதிமன்றம் கொடுத்த தண்டனை ஏழு வருட நாடுகடத்தல். 1787 மே 13இல் போர்ட்ஸ்மவுத்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட பதினொரு கப்பல்களில் ஒன்றில் அந்த மனுஷியையும் ஏற்றினார்கள். உயிரோடு ஒரு கோழியும் செத்த கோழி ஒன்றும் திருடியவரும் அந்தப் பயணத்தில் இருந்தார். புகைபோக்கி துப்புரவாக்கும் ஜோன் ஹட்சன் என்ற பெடியனும் இருந்தான். தீர்ப்பின்போது அவனுக்கு வயது ஒன்பது.

இதுக்குப் போய் உலகத்தின் மறுபக்கமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்துச் சட்டப்படி இது இரக்கம்! அப்போது இங்கிலாந்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் 200 அளவில் இருந்தன. வீடொன்றில் 40 ஷில்லிங் பெறுமதியான பொருளை எடுத்தால் தூக்கு. கடையில் களவாக எடுத்தால் 5 ஷில்லிங்கே போதும். ஜூரிகளுக்கே மனம் கேட்காமல், பல வழக்குகளில் பொருளின் பெறுமதியை 39 ஷில்லிங் என்று வேண்டுமென்றே குறைத்துச் சொன்னார்கள். ஒரு ஷில்லிங்கில் ஓர் உயிர் தப்பியது.

தப்பியவர்களை எங்கே வைப்பது? 1718 தொடக்கம் சுமார் 50,000 பேரை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்களின் உழைப்பைத் தோட்ட முதலாளிமார் விலைக்கு வாங்கினார்கள். 1775இல் அமெரிக்கர் போர் தொடங்க அந்த வழி அடைபட்டது. பிறகு தேம்ஸ் நதியில் பழைய கப்பல்களைக் கட்டிவைத்து அவற்றுக்குள் அடைத்தார்கள். அதுவும் நிரம்பியது. கப்டன் குக்கோடு 1770இல் போய்வந்த தாவரவியலாளர் ஜோசப் பாங்ஸ், 1779இல் நாடாளுமன்றக் குழுவொன்றிடம் பொட்டனி விரிகுடாவை நல்ல இடம் என்று சிபாரிசு செய்தார். அவர் அங்கே நின்றதே ஒரு கிழமை அளவுதான்!

எட்டு மாதப் பயணத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தால் குடிதண்ணீர்கூடப் போதாது. ஆளுநர் ஆர்தர் பிலிப் எல்லோரையும் வடக்கே இன்னொரு துறைமுகத்துக்குக் கொண்டுபோனார். அதுதான் சிட்னி. நாள் 1788 ஜனவரி 26. கைதிகளில் விவசாயம் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஒரு மாதம் கழிய, களஞ்சியத்தில் சாப்பாடு திருடியதற்காகத் தோமஸ் பரட் என்ற கைதியைத் தூக்கிலிட்டார்கள்.

1790இல் வந்த இரண்டாவது தொகுதி இன்னும் மோசம். கொன்ட்ராக்ட் எடுத்தது அடிமை வியாபாரம் செய்துவந்த ஒரு கம்பனி. அவர்களுக்குக் காசு ஏற்றிய தலைக்கு, உயிரோடு இறக்கிய தலைக்கு அல்ல. வழியில் ஆள் செத்தால் சாப்பாட்டுச் செலவு மிச்சம். மூன்று கப்பல்களில் ஏறிய ஆயிரம் பேரளவில் கால்வாசிப் பேர் கடலிலேயே முடிந்தார்கள்.

ஏழு வருடம் என்பதும் பெயருக்குத்தான். தண்டனை முடிந்தாலும் திரும்பிவர அரசு கப்பல் தராது. முடியுமுன் திரும்பினால் தூக்கு. 1868 வரை இப்படிப் போனவர்கள் சுமார் 162,000 பேர். அயர்லாந்துக் கிளர்ச்சிக்காரர் மாதிரி அரசியல் கைதிகளும் இருந்தார்கள், ஆனால் பெரும்பாலானவர்கள் களவுக்குப் போனவர்கள்.

கைதிகளுக்காகப் பரிதாபப்பட எத்தனையோ நாவல்களும் படங்களும் இருக்கின்றன. அவர்கள் வந்திறங்கிய கரை யாருடையது என்ற கேள்வி அவற்றில் பெரும்பாலும் ஓரமாகத்தான் வரும். 1789இல் சிட்னியைச் சுற்றிப் பெரியம்மை பரவியது. அங்கிருந்த ஆதிக்குடிகளில் பாதிப்பேர் செத்தார்கள் என்பது பிலிப்பின் சொந்தக் கணிப்பு. அவர்கள் எவருடைய சீஸையும் எடுக்கவில்லை.

மேரி வேட் என்ற சிறுமியின் கதையையும் சொல்லவேணும். இன்னொரு சிறுமியின் உடுப்பைப் பறித்ததற்காக 1789இல் அவளுக்குத் தூக்குத் தீர்ப்பு. மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் மனநோய் சுகமான சந்தோசத்தில் அது நாடுகடத்தலாக மாறியது. 1859இல் அவர் இறந்தபோது வழித்தோன்றல்கள் முந்நூறு பேருக்கு மேல். கைதியின் பரம்பரை என்பதை மூடிமறைத்த காலம் போய், இப்போது அங்கே அது பெருமை. மேரியின் வழியில் வந்தவர்களில் ஒருவர் கெவின் ரட், இரண்டு தடவை பிரதமராக இருந்தவர்.

விசா இல்லாமல் படகில் வரும் எவரும் அவுஸ்திரேலியாவில் குடியேற்றப்படமாட்டார்கள், பப்புவா நியூகினிக்கு அனுப்பப்படுவார்கள் என்று 2013 ஜூலை 19இல் அறிவித்தவரும் அவரேதான். அந்த வருடங்களில் கடலில் இறங்கிய படகுகளில் எங்கட சனமும் இருந்தது.