இரவலும் குத்தகையும்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக எஸ். ஆர். ரங்கநாதன் 1924-இல் பொறுப்பேற்றார். அவருடைய ஐந்து விதிகள் 1931-இல் நூலாக வந்தன. புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. இதன் அடியில் சொல்லாமல் விடப்பட்ட ஓர் அனுமானம் உண்டு: புத்தகம் நூலகத்தின் சொத்து. விலை கொடுத்து வாங்கியதை யாருக்கு இரவல் தருவது என்று பதிப்பாளர் நிர்ணயிக்க முடியாது.

1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டமும் இதையொட்டியே யோசித்தது. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலைப் பொது நூலகம் தன் உபயோகத்துக்கு மூன்று பிரதிகள் வரை எடுக்கலாம். 2012-இல் வந்த திருத்தம், கையிலுள்ள அச்சுப் பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கவும் இடம் தந்தது. இன்னொரு நூலகத்துக்கு அனுப்புவது பற்றி அந்தப் பிரிவில் பேச்சில்லை. 2016-இல் டெல்லி உயர்நீதிமன்றம், பாடத் தொகுப்புகளை ஜெராக்ஸ் எடுப்பது போதனைக்கான விலக்கில் அடங்கும் என்றது. அங்கும் வழக்கு காகிதத்தைப் பற்றியதுதான்.

மின்னிதழில் நூலகம் பெரும்பாலும் வாங்குவது பார்க்கும் அனுமதியை மட்டுமே. வங்கி குமாஸ்தாவான எனக்கு இது பரிச்சயமான வித்தியாசம். கிரயப் பத்திரம் வேறு, குத்தகைப் பத்திரம் வேறு. ஒரு கட்டுரையைப் பிற நூலகத்துக்கு அனுப்பலாமா, கோப்பாகவா, அச்சிட்டா என்பதெல்லாம் உரிமத்தின் ஷரத்துகளில் இருக்கிறது. மீறினால் வளாகம் முழுவதற்கும் இணைப்பு நின்றுபோகக்கூடும். ஷரத்து அனுமதிக்கிற இடத்தில்கூட, அனுப்பாமலிருப்பதே உசிதம் என்று நூலகருக்குத் தோன்றிவிடுகிறது.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், மூன்று வருஷங்களுக்கு 6,000 கோடி ரூபாயில், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் திறந்தது. பெரிய காரியம். அந்த இதழ்களைப் பொறுத்தவரை, உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்க வேண்டிய அவசியம் குறையும்.

நவீனத் தமிழ் விமர்சனமோ பெரும்பாலும் வெளியே உருவானது. 1959-இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' எந்தப் பல்கலைக்கழகத்தின் வெளியீடும் அல்ல. அபிராமபுரத்தில் குடியிருந்து விமர்சனம் எழுதும் குமாஸ்தா இந்தச் சந்தாவின் முதல் கட்டத்தில் எங்கும் வரமாட்டான். ஆனால் ரங்கநாதனின் முயற்சியில் 1948-இல் பிறந்த பொது நூலகச் சட்டத்தின்படி, இங்கே சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அடுத்த ஒப்பந்தம் பேசும்போது கன்னிமாராவையும் மாவட்ட மைய நூலகங்களையும் சேர்க்க வேண்டும். கேட்கிற வாசகனுக்குக் கட்டுரையை அனுப்பும் உரிமையையும் எழுதி வாங்க வேண்டும். இந்தக் கோரிக்கையை எழுப்ப வேண்டியவர்கள் வெளியே நிற்கிற நாம்தான் என்று நினைக்கிறேன்.