மதுரையின் தத்துவப் போதகர் யாருக்குப் பிரியமாக நடந்தார்?



கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் தொடக்கத்திலேயே புனித பவுல் தம்மை நோக்கி ஒரு கேள்வி கேட்கிறார். நான் நாடுவது மனிதருடைய பாராட்டா, கடவுளுடைய பாராட்டா என்பதே அது. அவருக்கு விடை தெளிவாக இருந்தது. நமக்கு அப்படி இருப்பதில்லை. திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்தவரின் பெயர் ஒலிபெருக்கியில் ஒருமுறை விட்டுப்போனால் என்ன நடக்கும் என்று எல்லாப் பங்குகளுக்கும் தெரியும். அது சின்னச் சோதனைதான். கடவுளுக்காகவே உழைக்கிறவரைப் பார்த்து, “இவர் மனிதர் மெச்சத்தான் இதைச் செய்கிறார்” என்று சொந்தச் சகோதரரே குற்றம் சாட்டினால் என்ன செய்வது? இந்தக் கேள்வி நம் மதுரையில் எழுந்து, கோவா வழியாக உரோமை வரை போயிருக்கிறது.

1606-ஆம் ஆண்டு நவம்பரில் இராபர்ட் தே நொபிலி மதுரைக்கு வந்தார். இத்தாலிய உயர்குடியில் பிறந்த இயேசு சபைக் குரு. அப்போது வயது இருபத்தொன்பது. அவருக்கு முன்பே, பத்து ஆண்டுகளுக்கும் மேலாக, கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியக் குரு இங்கே இருந்தார். மதுரைக்கு வந்து தங்கிய பரதவக் கிறிஸ்தவர்களை மேய்த்துக்கொண்டு, பள்ளிக்கூடமும் நடத்தி, நோயாளிகளையும் கவனித்தார். ஆனால் உள்ளூர் மக்கள் திருமுழுக்குப் பெற முன்வரவில்லை. மாட்டிறைச்சி உண்டு, மது அருந்தும் ‘பரங்கி’களின் மார்க்கம் இது என்பது அவர்கள் எண்ணம்.

நொபிலி பரங்கிக் கோலத்தைக் களைந்தார். காவி உடுத்தினார், பாதக்குறடு அணிந்தார், தனிக் குடிசையில் தங்கி ஒருவேளை சைவ உணவு உண்டார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் படித்தார். தேடி வந்தவர்களோடு நாள்கணக்கில் விவாதித்தார். தத்துவப் போதகர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. சிலர் திருமுழுக்கும் பெற்றார்கள்.

பெர்னாண்டஸ் 1610-இல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் புறச்சமய அடையாளங்கள். பிராமணரின் மதிப்பைப் பெறவே இவர் தம் சகோதரரை விட்டு ஒதுங்குகிறார் என்பது அதன் சாரம். இதைப் பொறாமை என்று தள்ளிவிடுவது எளிது. நமக்கு அது நியாயமாகப் படவில்லை. பல ஆண்டுகள் கைதட்டல் ஏதுமின்றி உழைத்த முதியவர், நேற்று வந்த இளைஞர் பெயர் வாங்குவதைப் பார்க்கிறார். அவர் கேட்ட கேள்வியிலும் உண்மை இருந்தது. தாம் பரங்கி அல்லர், உரோமையில் உயர்ந்த குலத்தில் பிறந்தவர் என்று நொபிலி தம் வீட்டுக் கதவில் ஓலை எழுதி ஒட்டினாரே, அதில் மனிதப் பெருமை துளியும் கலக்கவில்லை என்று நம்மால் சொல்ல முடியுமா? சாதிகள் தனித்தனியே அமர்ந்து வழிபட்ட வழக்கத்தின் வடு இந்தச் சமவெளிக் கோயில்களில் எவ்வளவு காலம் இருந்தது என்பதும் நமக்குத் தெரியும்.

கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸ் நொபிலிக்கு ஆதரவாக நின்றார். பிறகு வந்த மாநிலத் தலைவர் கட்டுப்பாடுகள் விதித்தார். குடும்பத்துக்கு நெருக்கமான கர்தினால் பெல்லார்மினே, கேள்விப்பட்டதை நம்பிக் கண்டித்து எழுதினார். விளக்கத்தைப் படித்த பின்புதான் மனம் மாறினார். 1619-இல் கோவாவில் கூடிய மாநாட்டில் பெரும்பாலோர் எதிராகப் பேசினர். அங்கே நொபிலி கோபித்துக்கொண்டு சபையை விட்டுப் போகவில்லை, தமக்கென ஒரு கூட்டத்தைத் திரட்டவும் இல்லை. மீண்டும் மீண்டும் இலத்தீனில் விளக்கம் எழுதினார். முடிவு வரும்வரை தலைவர்களின் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்.

1623 சனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியின் ஆணை வெளியானது. மூடநம்பிக்கை கலவாமல், பூணூலும் குடுமியும் சந்தனமும் குளியலும் குடிமை வழக்கமாக இருக்கலாம் என்று அது அனுமதித்தது. நொபிலிக்கு வெற்றி என்று வரலாறு இதை எழுதுகிறது. அந்த ஆணையின் இன்னொரு பகுதியை நாம் அதிகம் பேசுவதில்லை. குலப்பெருமை கொண்டோர் எளிய பிறப்பினரை இழிவாக எண்ண வேண்டாம், குறிப்பாக இறைவார்த்தையைக் கேட்கும் இடத்திலும் அருளடையாளங்களைப் பெறும்போதும் வேண்டாம் என்று திருத்தந்தை அதிலேயே கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். அனுமதியை உடனே எடுத்துக்கொண்டோம். அந்த வேண்டுகோளுக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பின்னாளில் நொபிலி சேலம், சேந்தமங்கலம், திருச்சி எனச் சுற்றினார். ஒடுக்கப்பட்ட மக்களிடம் செல்லப் பண்டாரசாமிகள் என்ற குருக்கள் வகுப்பு 1640 முதல் உருவானது. முதுமையில் மேலிடம் அவரை மதுரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும், அங்கிருந்து மயிலாப்பூருக்கும் அனுப்பியது. அவர் மறுக்கவில்லை. பார்வை ஏறக்குறைய போய்விட்டது. தம் நூல்களைப் பிறர் துணையோடுதான் திருத்தினார்.

மயிலாப்பூர் அன்று போர்த்துக்கீசியர் ஊர். காவியையும் கறியுணவையும் வைத்து மனிதரை எடைபோடும் மதுரைப் பண்டிதர்கள் அங்கே இல்லை. இறைச்சி உண்டாலும் குறை சொல்ல யாருமில்லை. மாறாக, உண்ணாததையே விந்தையாகப் பார்த்திருப்பார்கள். நொபிலி ஊருக்கு வெளியே ஒரு குடிசையில், 1656 சனவரி 16 அன்று இறக்கும்வரை, அதே சன்னியாச உணவையே உண்டு வாழ்ந்தார்.